காளியாயியின் டிரைவர்

காளியாயி தன் புருசனை முதன்முதலாக ‘டிரைவருங்க’ என்று கூப்பிட்டபோது, ஐயாக்கண்ணு தலையில் ஒரு மூட்டைக் காப்பிப் பழத்தோடு களத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். கார்த்திகை மாதம். மணி பத்தாகியும் மாரமங்கலத்துச் சரிவில் மூடுபனி விலகவில்லை. சில்வர் ஓக் மரங்களுக்குப் பாதிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. இலைகளில் கூடிய ஈரம் மட்டும் பொட்டுப் பொட்டென்று கீழே காப்பிச் செடிகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. காளியாயி களத்தோரம் நின்றாள். விசேசத்துக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டி, தலையை நனைத்துச் சீவி, கையில் ஒரு துணிப்பையைப் பிடித்திருந்தாள்.

“ஏனுங்க டிரைவருங்க, வண்டி எப்பங்க எடுப்பீங்க?”

ஐயாக்கண்ணு பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

“யாரக் கேக்கற?”

“உங்களைத்தானுங்க. கொட்டச்சேட்டுக்குப் போவோணும். முன்னாடி எடம் இருக்குதுங்களா?”

அறுபத்தாறு வயதில் ஐயாக்கண்ணு சைக்கிள்கூட ஓட்டியவர் இல்லை. காடு, களம், கடைத்தெரு எல்லாமே நடைதான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, “நான் உம் புருசன் புள்ள, ஐயாக்கண்ணு” என்றார்.

அவர் செய்த தப்பு அதுதான். காளியாயியின் முகம் வெளுத்துப்போனது. வழியில் போகிற ஆள் ஒருவன் தன்னைப் பொண்டாட்டி என்று சொன்னால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகுமோ அது அவளுக்கு ஆயிற்று. பையை மார்போடு அணைத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் ஓடினாள். ஓடைக்கரையில் விழுந்து முழங்கால் சிராய்த்துக் கிடந்தவளைப் பக்கத்துக் காட்டில் பறிப்புக்கு வந்த இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். அன்று முழுக்க அவர் கிட்டப் போனாலே கையை ஓங்கினாள். சாப்பாட்டைத் தூர வைத்துவிட்டு அவர் விலகிப் போன பிறகுதான் தட்டைத் தொட்டாள்.

மறதி வந்து இரண்டு வருசம் ஆகியிருந்தது. முதலில் களியில் உப்பு மூன்று தடவை விழுந்தது. அப்புறம் அரிவாள்மனை அரிசிப் பானைக்குள் கிடந்தது. ஒரு நாள் வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் போனவள் திரும்பி வர வழி தெரியாமல் அரசமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். சேலத்தில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரையால் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், போனது திரும்பாது என்றார்.

“சுருங்குறதுன்னா எப்பிடிங்க, காப்பிப் பழம் காயுறாப்பலங்களா? தோலு மட்டுமா, உள்ள கொட்டையுமா?” என்று கேட்டார் ஐயாக்கண்ணு.

டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கால் மணி நேரம் விளக்கினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

ஐயாக்கண்ணு அப்படிப்பட்ட ஆள். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார். கல்யாணத்துக்கு மச்சான் வாங்கிக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை மூன்றாம் நாளே பிரித்துப் பாயில் பரப்பி வைத்தார். ஊரில் யாருடைய பழம் உரிக்கும் மிஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் அதன் முன்னால் குந்தி, அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் கையை வைப்பார். காளியாயிக்கு வந்திருப்பதன் முன்னாலும் அவர் அப்படித்தான் குந்தியிருந்தார். அதைப் பிரிக்க முடியாது என்பது தெரிந்தது. ஆனாலும் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இந்த ‘டிரைவருங்க’ மட்டும் அவரை வேறு மாதிரி குத்தியது.

அதற்குக் காரணம் இருந்தது. முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்தி, கல்யாணம் ஆன புதிதில், காளியாயி கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஆட்களை ஏற்றிப் போக விடியற்காலை லாரி வரும். டிரைவர் பேர் மனுவேல். எண்ணெய் தேய்த்து வகிடெடுத்துச் சீவிய வாலிபன். ஒரு நாள் டீக்கடையில் யாரோ சொன்னார்கள்: “உம்பட ஊட்டுக்காரி லாரியில முன்னாடி உக்காந்து போறாளாட்ட இருக்குது.” ஐயாக்கண்ணு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். ஊட்டில் சண்டை போடவில்லை. “நாளையிலிருந்து எஸ்டேட்டுக்குப் போவ வேண்டாம். நம்ம காட்டு வேலையே கெடக்குது” என்றார். காளியாயி அவரைப் பார்த்தாள். “சரிங்க” என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சு அந்த ஊட்டில் எழவேயில்லை.

இப்போது அந்த டிரைவரை அவள் களத்தோரம் நின்று தேடுகிறாள்.

வாரத்துக்கு ஒரு தடவை ஊடு தேடி வந்து சுகரும் பிரசரும் பார்க்கிற நர்ஸ் சுஜாதா, முழங்கால் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டினாள். ஐயாக்கண்ணு நடந்ததைச் சொன்னார். டீக்கடைக் கதையைச் சொல்லவில்லை.

“பெரீப்பா, நீங்க சரியாத்தான் சொன்னீங்க. ஆனா அவிங்களுக்கு அது சரியாப்படலை. பயந்துட்டாங்க. இனிமே எதுத்துச் சொல்லாதீங்க.”

“பின்ன பொய் சொல்லச் சொல்றியா கண்ணு?”

“டிரைவர்னா டிரைவரு. அதுல உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு? எங்க போவோணும், எதுக்குப் போவோணும்னு கேளுங்க. அவிங்க பேசட்டும். பேசறவங்க ஓடமாட்டாங்க.”

ஐயாக்கண்ணு தாடையைத் தடவினார். “எதுக்குப் போவோணும்னு கேக்கலாமா?”

“அதைத்தான் கேக்கோணும்.”

அவருக்கு அது தெரிந்தாக வேண்டும் என்றுதான் இருந்தது. தெரிந்துவிடுமோ என்றும் இருந்தது.

மறுநாள் காலை அவள் பையோடு வந்து நின்றபோது ஐயாக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வாங்கம்மா. வண்டி சக்கரம் பஞ்சருங்க. சித்த நேரம் ஆவும். உக்காருங்க.”

காளியாயி நம்பினாள். காயப்போட்டிருந்த பழத்தின் ஓரத்தில் சேலையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது. கை தானாகப் பழத்தைத் தள்ளிப் பச்சைக் காய்களைப் பொறுக்கியது. என்ன மறந்தாலும் அந்தக் கைக்குப் பச்சை வேறு, சிவப்பு வேறு என்பது மறக்கவில்லை. அவர் கடுங்காப்பியில் வெல்லம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நேற்று வரை தட்டி விட்ட தம்ளரை, “உங்களுக்கு எதுக்குங்க சிரமம்” என்று வாங்கிக் குடித்தாள்.

அப்படி ஆரம்பித்தது. ஒரு நாள் பஞ்சர். ஒரு நாள் ரேடியேட்டரில் தண்ணி இல்லை. ஒரு நாள் பெல்ட் அறுந்து சேலத்துக்கு ஆள் போயிருக்கிறது. மிஷின்களோடு பழகிய மனிதருக்குக் கோளாறுகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்தாறு நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“என்னுங்க, தெனமும் ஒரு கேடு? மொதலாளிகிட்டச் சொல்லி வேற வண்டி கேக்கக்கூடாதுங்களா?”

“கேட்டிருக்கறனுங்க. வரும்.”

வேலை எல்லாம் அந்தப் பேச்சைச் சுற்றியே நடந்தது. கீழ்ச் சரிவில் பழம் கறுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஐயாக்கண்ணால் அவளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் இறங்க முடியவில்லை. களத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற செடிகளை மட்டும் அவர் பறித்தார். மத்தியானம் சாமைச் சோறாக்கி, அவரைக் கொட்டைக் குழம்பு வைத்தார். முதலில் காரம் கூடியது. பிறகு படிந்து வந்தது. குளிப்பாட்டுவதுதான் பெரிய பாடு. டிரைவர் எப்படிக் குளிப்பாட்ட முடியும்? அதற்குப் பக்கத்து ஊட்டு மலரைக் கூப்பிட்டுக்கொண்டார். தலை சீவிவிட மட்டும் காளியாயி அவரை அனுமதித்தாள். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. சிக்கெடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். சில நாள் சேலையை நனைத்துவிடுவாள். அப்போது அவர் வாளித் தண்ணியைத் தானே அவள்மேல் தெறிக்க விட்டு, “அடடா, நாந்தான் ஊத்திப்போட்டேன், மாத்திக்கங்க” என்பார்.

பேச்சில் அவர் ஒரு நாள் துணிந்து கேட்டார்.

“ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?”

“எங்க ஊட்டுக்காரருங்களா?” காளியாயி பச்சைக் காயைத் தூர எறிந்தாள். “காட்டு வேலைங்க. நல்ல ஆளுதான். குடிக்க மாட்டாரு. சீட்டாட மாட்டாரு.”

“அப்பறம் என்னுங்க?”

“பேச மாட்டாருங்க. சோறு போட்டா ‘ம்’ம்பாரு. மழை வருதுங்கன்னா ‘ம்’ம்பாரு. நாங் கீழ உழுந்தாலும் ‘ம்’ம்பாராட்ட இருக்குது.”

ஐயாக்கண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “அப்பிடியா ஒரு மனுசன்?”

“நீங்க எவ்வளவோ தேவலைங்க. கேட்டா பதில் சொல்றீங்க.”

அன்று சாயந்திரம் வரை அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. தன்னைப் பற்றித் தன் பொண்டாட்டி என்ன நினைத்தாள் என்பது அறுபத்தாறு வயசில்தான் அவருக்குத் தெரிய வருகிறது. அதுவும் இன்னொருத்தனாக இருந்து கேட்டால்தான் தெரிகிறது. மறுநாள் எப்போது விடியும் என்றிருந்தது. தினமும் ஒன்று கேட்டார். ஊட்டுக்காரருக்கு என்ன குழம்பு புடிக்கும், எப்போ கோவம் வரும், பையன் பொறந்தப்போ என்ன சொன்னாரு. “எட்டிப் பாத்தாருங்க. காதைத் திருப்பிப் பாத்தாரு. வெரலை எண்ணுனாரு. ஒரு மிஷினை வாங்குனாப்பல முன்னால பின்னால பாத்துட்டு, அப்பறம் கொல்லைக்குப் போயி அழுதாருங்க. நாம் பாத்தேன். அவருக்குத் தெரியாது.”

அது உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த மகன் மாதேஷ் போனில் கூப்பிட்டான். “அப்பா, சேலத்துல ஒரு எடம் விசாரிச்சிருக்கேன். ஆளு வச்சுப் பாத்துக்குவாங்க. டாக்டரும் வர்றாரு. பொங்கலுக்கு வர்றப்ப அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயி உட்டரலாம்.”

“இப்ப நல்லாத்தான் இருக்கறா சாமி.”

“மலரக்கா எல்லாஞ் சொல்லுச்சு. நீங்க டிரைவராட்டம் நடிச்சுக்கிட்டுத் திரியறீங்களாமா. பழம் பூரா கீழ கெடக்குதாமா. உங்களுக்கு எதாச்சும் ஆச்சுன்னா யாரு பாக்கறது?”

அவன் சொன்னதில் பொய் இல்லை.

மார்கழி பிறந்தது. ஒரு காலை, வெயில் சுள்ளென்று அடித்து, களத்தில் பழத்தோல் வாசம் எழுந்து நின்றபோது, ஐயாக்கண்ணு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார். கேட்கக்கூடாது என்று பத்து நாள் தள்ளிப்போட்டது.

“ஏனுங்கம்மா, நீங்க லாரியில முன்னாடி உக்காந்து வர்றது, ஊருல ஒரு மாதிரி பேசறாங்களாம்ல?”

காளியாயியின் கை பழத்தின் மேல் நின்றது.

“பேசுவாங்க.”

“உங்க ஊட்டுக்காரரு கேட்டாருங்களா?”

“இல்லீங்க.” அவள் ஒரு பழத்தை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாளோ என்று அவர் நினைத்தபோது சொன்னாள்: “அதானுங்க எனக்கு வெசனம். அவரு எதையும் பிரிச்சுப் பாக்காம உட மாட்டாரு. கடியாரத்தப் பிரிப்பாரு. ரேடியோவப் பிரிப்பாரு. தேன்கூட்டுக்குள்ளாறகூடக் கைய உட்டுப் பாப்பாரு. என்னைய மட்டும் ஒரு வார்த்தை கேக்கலீங்க. போவ வேண்டாம்னாரு. சரீன்னேன்.”

“கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?”

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை கறாராக இருந்தது. “அவரு கேக்கட்டும், சொல்றேன். உங்களுக்கு எதுக்குங்க சொல்லோணும்?”

ஐயாக்கண்ணு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். அவர் திருடப்போன இடத்தில் ஒருத்தி கதவைத் திறந்து, நீங்கள் யார் என்று மரியாதையாகக் கேட்டது போலிருந்தது. மிளகுக் கொடி ஏறிய மரத்தடியில் நின்று, காய்ந்த இலைகளைக் காலால் தள்ளினார். புருசனிடம்தான் சொல்வாளாம். புருசன் என்று போய் நின்றால் ஓடுகிறாள். இதை எந்தப் பக்கமிருந்து பிரிப்பது?

அடுத்த நாள் அவள் வந்து நின்றதும், “வண்டி சரியாயிருச்சுங்க. கொட்டச்சேடு போலாம்” என்றார்.

பஸ்ஸில்தான் போனார்கள். முன்சீட்டு கிடைத்தது. காளியாயி பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தரையை அழுத்தியது. ஒரு இறக்கத்தில் ஐயாக்கண்ணின் பக்கம் சாய்ந்து, “இவருக்கு ஓட்டத் தெரியிலீங்க. கியரக் கொறைக்காம பிரேக்கு மேலயே நிக்கறாரு” என்று ரகசியமாகச் சொன்னாள். ஐயாக்கண்ணு அவள் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். இந்தப் பேச்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது?

மனுவேல் இறந்து ஆறு வருசம் ஆகியிருந்தது. அது ஐயாக்கண்ணுக்குத் தெரியும். வாசலில் ஆரஞ்சு மரம் நின்ற ஓட்டு வீட்டில் அவன் மனைவி ஆரோக்கியசெல்வி இருந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவள், “யாரு, காளியா?” என்று எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்தாள். காளியாயிக்கு அவளைத் தெரியவில்லை. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை. சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த மனுவேலின் படத்தை ஒரு தடவை பார்த்தாள். யாரோ என்பது போல் பார்வையைத் திருப்பிக்கொண்டு, ஆரஞ்சு மரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஐயாக்கண்ணு நிலைமையைச் சொன்னார். ஆரோக்கியசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி கலக்கினாள். தம்ளரை வாங்காமல் அவர் கேட்டார்.

“ஏம்மா, நான் ஒன்னு கேக்கோணும். முப்பத்தெட்டு வருசத்துக்கு முந்திக் கேட்டிருக்கோணும். அந்த லாரியில காளியாயி முன்னாடி உக்காந்து போனது...”

ஆரோக்கியசெல்வி அவரை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்ணா, இத்தனை வருசமா அதை வயித்துல வச்சிருந்தீங்களா? அவ பக்கத்துல நானும் இருந்தேன், யாரும் சொல்லலீங்களா? எனக்கும் அவருக்கும் மாதா கோயில்ல மூணு கல்யாண ஓலையும் வாசிச்சாச்சு, கல்யாணத்துக்கு நாள் பாத்துக்கிட்டிருந்தோம். நான் முன்னாடி உக்காருவேன். தனியா உக்காரக் கூச்சமா இருக்குதுன்னு காளிய இழுத்து வச்சுக்கிட்டேன். பொறவு பாத்தா, என்னைய உட்டுட்டு அவ ஸ்டீரிங்கையே பாத்துக்கிட்டிருக்கா.”

“ஸ்டீரிங்கையா?”

“ஓட்டக் கத்துக்குடுங்கண்ணான்னு கேட்டுப்போட்டா. அவரு பயந்துட்டாரு. நாந்தான் குடுங்கன்னேன். ஆளுகளை எறக்கிட்டுக் காலியா திரும்புற வண்டி. பங்களா மேட்டுலயிருந்து மிஷின் கொட்டாய் வரைக்கும் சமமான ரோடு. அவரு படியில நின்னு ஒரு கையால ஸ்டீரிங்கப் புடிச்சுக்குவாரு. இவ ஓட்டுவா. நான் இந்தப் பக்கம் மாதாவே மாதாவேன்னு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பேன். பதினோரு நாளு ஓட்டுனா. பன்னண்டாம் நாளு வரலை. அவரு உங்க ஊரு முக்குல ஹாரன் அடிச்சுட்டு நின்னு நின்னு பாத்தாரு.”

ஐயாக்கண்ணு அந்த ஹாரனைக் கேட்டிருக்கிறார். அன்று காலை ஊட்டுக்குள் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“எதுக்குக் கத்துக்கிட்டா? என்னத்துக்கு?” என்றார்.

“நானும் அதையேதாங்ணா கேட்டேன். சும்மாதான் செல்வி, நான் இங்க திருப்புனா கீழ அந்தச் சக்கரம் எப்பிடித் திரும்புதுன்னு பாக்கறேன்னா.”

ஐயாக்கண்ணு தம்ளரைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. ஆரஞ்சு மரத்தடியில் காளியாயி, உதிர்ந்து கிடந்த ஒரு பழத்தை எடுத்து உரித்து, சுளைகளை மடியில் வரிசையாக வைத்து, ஒன்றின் நார் இன்னொன்றோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று விரலால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளையே பார்த்தார். முப்பத்தெட்டு வருசம் ஒரே ஊட்டில், தன்னைப் போலவே ஒருத்தி இருந்திருக்கிறாள்.

காட்டில் வைக்கும் பொங்கலுக்கு முந்தின நாள் மாதேஷ் காரில் வந்தான். வெள்ளைக் கார், வாங்கி ஒரு வருசம்தான். களத்தில் ஓரமாக நிறுத்தினான். அம்மா அவனைப் பார்த்து, “வாங்க, யாரைப் பாக்கோணும்?” என்றாள். அவன் முகம் அப்படியே இறங்கிப்போனது. உள்ளே போய், பையில் அவள் துணிமணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான். பையைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்து மூடினான். சேலத்துக்காரர்கள் மறுநாளே வரச் சொல்லியிருந்தார்கள்.

“நாளைக்குக் காத்தால கெளம்பறோம்ப்பா.”

“சாமி, சித்த உக்காரு.”

“உக்காந்து என்னுங்கப்பா பேசறது? நீங்க பாதியா எளைச்சுட்டீங்க. அம்மாவ நாள் பூரா பொய் சொல்லி ஏமாத்திக்கிட்டு இருக்கறீங்க. அவிங்களுக்கு நீங்க யாருன்னு தெரியிலை, நான் யாருன்னு தெரியிலை. எங்க இருந்தா என்ன?”

“எனக்கு அவ யாருன்னு இப்பத்தான் தெரிஞ்சிருக்குது” என்றார் ஐயாக்கண்ணு. “கஷ்டந்தான். இல்லைங்கலை. மலரு வருது, சுஜாதா வருது. கீழக் காட்ட இந்த வருசம் குத்தகைக்கு உட்டரலாம்னு இருக்கறேன். என்னால முடியாத அன்னிக்கு நானே உன்னையக் கூப்புட்டுச் சொல்றேன். அந்த வாக்கு நான் குடுக்கறேன். இன்னிக்கு முடியுது.”

மாதேஷ் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் களத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் ஓடினார்கள். காளியாயி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சாவி மாதேஷின் பாக்கெட்டில்தான் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தான். வண்டி அசையாது. ஆனாலும் அவன் பதறிக் கதவைத் திறக்கப் போனான். ஐயாக்கண்ணு அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றிப் போய் மறுபக்கத்துக் கதவைத் திறந்து, உட்காரலாமா என்பது போல் பார்த்தார்.

“ஏறுங்க” என்றாள் காளியாயி. “எங்க போவோணும்?”

அவள் இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. முதுகு நிமிர்ந்திருந்தது. இத்தனை நாளும் களத்தோரம் வண்டிக்குக் காத்திருந்த பெண் இல்லை இவள்.

“எங்கயும் போவோணும்னு இல்லீங்க” என்றார் ஐயாக்கண்ணு. “உங்க ஊட்டுக்காரரு அனுப்புனாரு. ஒன்னு கேட்டுக்கிட்டு வரச் சொன்னாரு.”

அவள் திரும்பினாள். “அவரா?”

“அவரேதான். வண்டி ஓட்டறது எப்பிடி இருக்குதுன்னு கேக்கறாரு. இங்க திருப்புனா கீழ அந்தச் சக்கரம் எப்பிடித் திரும்புது? அவருக்குத் தெரியோணுமாமா.”

காளியாயி அவர் முகத்தை மெல்ல அளந்தாள். அவரை அவளுக்குத் தெரிந்ததா என்று மாதேஷால் சொல்ல முடியவில்லை. ஐயாக்கண்ணாலும் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தில் வெட்கம் போல ஒன்று வந்தது. அதற்கு மேலாகப் பெருமையும் வந்தது.

“நொம்ப நாள் கழிச்சுக் கேக்கறாரு” என்றாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். முதலில் கை பயப்படும், சக்கரம் பயப்படாது என்றாள். வலது பக்கம் கொஞ்சமாகத் திருப்பினால் வண்டி கொஞ்சமாகக் கேட்கும், வெடுக்கென்று திருப்பினால் கோவித்துக்கொள்ளும் என்றாள். மலை நம்மைப் பார்த்துத் திரும்புவது போல இருக்கும் என்றாள். ஏத்தத்தில் அதன் நெஞ்சு அடைக்கும், அப்போது கியரைக் குறைக்க வேண்டும் என்றாள். பேசப் பேசக் கை திரும்பியது, கால் அழுத்தியது. ஐயாக்கண்ணு ஒவ்வொன்றுக்கும் நடுவில் கேட்டார்: “அப்பறம்? பின்னால சக்கரம் என்ன பண்ணும்? வளைவுல?” அவளும் அலுக்காமல் சொன்னாள்.

மாதேஷ் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் அம்மா இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அவன் கேட்டதில்லை. அவளுக்கு நோய் வருவதற்கு முன்னாலும் கேட்டதில்லை.

காளியாயி பேச்சை நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. கண்ணாடி இறக்கியிருந்த ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவனைக் கூப்பிட்டாள்.

“ஏப்பா கிளீனரு. பின்னால என்ன சாமானம் ஏத்தியிருக்கற?”

மாதேஷ் அப்பாவைப் பார்த்தான். ஐயாக்கண்ணு முன் கண்ணாடிக்கு வெளியே, பறித்து முடித்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பைங்க” என்றான் மாதேஷ்.

“எறக்கு. மேட்டுல இழுக்காது.”

அவன் காரின் பின்னால் போனான். பிறகு டிக்கியைத் திறந்து பையை எடுத்தான். களத்தைத் தாண்டி, வாசல்படி ஏறி, ஊட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

“எறக்கிட்டியா?”

“எறக்கிட்டனுங்க.”

“அப்ப சும்மா நின்னா? சொல்லு.”

மாதேஷ் காரின் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

“ரைட், போலாம்.”